தக்காளியின் அடி கறுக்கிறதா? முதலில் பைக்குள் விரலை விட்டுப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மதுரையில் மொட்டை மாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். தை மாதம் நட்டேன், செடி தளதளவென்று இருக்கிறது. ஆனால் காய் பழுப்பதற்குள் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல அமுங்கிவிடுகிறது. 9 அங்குலப் பை. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போர் தண்ணீர். கடையில் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். மூன்று முறை தெளித்தும் நிற்கவில்லை. வேறு நல்ல மருந்து எது? கறுத்த பழத்தைச் சமைக்கலாமா?

பதில்: அம்மா, மருந்தே வேண்டாம். இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காயின் அடிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. டானிக் கொடுத்தவர் அதுவரை சரியாகத்தான் சொன்னார். ஆனால் கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலையில் தெளித்தது இலையிலேயே தங்கிவிடும், காய்க்கு இறங்காது. வெயில் நேரத்தில் ஏறுகிற தண்ணீரை இலைகளே இழுத்துக்கொள்ளும். காயின் அடிதான் கடைமடை. வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

உங்கள் வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதில் பெரும்பகுதி கால்சியம்தான். போர் தண்ணீரில் தினமும் வருவதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். முதல் கொத்துக் காய்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் வரும், பின்னால் வருபவை பல நேரம் தானே தேறிவிடும். அந்தப் பெயரை டானிக் தட்டிக்கொண்டு போகிறது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பை மதியத்துக்குள் ஏன் காய்கிறது என்பதைத்தான். பங்குனி வெயிலில் மாடித் தளம் அடுப்பு மாதிரி. அதில் 9 அங்குலப் பை, மேலே திறந்த நார்க்கழிவு! காலையில் ஈரம், மாலையில் சருகு. கழுவாத நார்க்கழிவில் பொட்டாசியமும் உப்பும் வேறு அதிகம், அவை கால்சியத்தை வேர் எடுக்கவிடாமல் தடுக்கும்.

எனவே மூடாக்கு போடுங்கள். எந்த உரத்துக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். காய்ந்த இலை, கரும்புச் சோகை, கடலைத் தோல், எது கிடைத்தாலும் சரி. மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் விரலளவு இடம் விடுங்கள். மட்கினால் மறுபடி போடுங்கள். மூடாக்கு இல்லாத தக்காளிப் பையைப் பார்த்தால் வெறுங்காலோடு வெயிலில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கிறது எனக்கு. அப்புறம், தண்ணீரைத் தினமும் காலையில் அடித்துளையில் கசியும் வரை விடுங்கள். கடும் வெயில் நாளில் மாலையிலும் கொஞ்சம். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். அது இலையை வளர்த்துக் காயைப் பட்டினி போடும். முட்டை ஓடு மட்கவே மாதக்கணக்காகும், இந்தக் காய்களுக்கு உதவாது.

இந்தச் செடிகளை இனிப் பெரிய பைக்கு மாற்ற வேண்டாம், வேர் அறுபடும். நிழல்வலை கட்டிக் காப்பாற்றுங்கள். சித்திரையில் இரவும் சூடாக இருந்தால் பூ உதிரும், அதற்கும் டானிக் வாங்காதீர்கள். அடுத்த முறை 15 அங்குலப் பை, பாதிக்குப் பாதி செம்மண், பைக்கு ஒரே செடி. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகத்தை ஆடியில் விதைத்துப் பாருங்கள்.

கறுத்த காய்களை இன்றே பறித்துவிடுங்கள். பழுத்ததில் கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ரசத்தில் போடலாம். பூசணம் பிடித்திருந்தால் மட்டும் வேண்டாம்.