விலை கைப்பிடியில், ஆட்டம் முனையில்: க்யூ கேள்வி–பதில்

பதில் சொல்பவர்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் க்யூ (பூல், ஸ்னூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கோல்) பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், முன்பு ஏற்காட்டில் ஒரு கிளப்பில் மார்க்கர் (ஆட்டத்தில் புள்ளி குறிப்பவர்).

கே: இணைய ஏலத்தில் ஒரு அமெரிக்க கஸ்டம் பூல் க்யூவைப் பார்த்து வைத்திருக்கிறேன். கைப்பிடி பறவைக்கண் மேப்பிள் மரம், அதில் அலங்காரமாக நான்கு கருங்காலிக் கூர்முனைகள், இரண்டு பாகங்களும் பூட்டும் ஜாயின்ட்டில் வெள்ளி வளையம். ‘உருட்டினால் நேராக ஓடும்’ என்று விற்பவர் எழுதியிருக்கிறார். விலை இப்போது 640 டாலரில் நிற்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– கே. எம்., ஃபேர்லேண்ட்ஸ்

உங்கள் கடிதத்தில் கோலின் முன்பாதியான ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கருங்காலியும் வெள்ளியும் ஜாயின்ட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பந்தை அடிக்கும் வேலையைச் செய்வதோ முன்னால் இருக்கும் மேப்பிள் ஷாஃப்ட்டும், அதன் தலையில் இருக்கும் பெருலும் (முனையைக் காக்கும் குப்பி) டிப்பும் (பந்தில் படும் நுனி)தான். ஏலத்தில் விலை ஏறுவதெல்லாம் கைப்பிடிக்கு. ஆட்டம் இருப்பது முனையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படங்களை மறுபடி பாருங்கள்.

‘நேராக ஓடும்’ என்பதை அப்படியே நம்பாதீர்கள். மூன்று விதமாக உருட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்: பூட்டிய நிலையில், ஷாஃப்ட் தனியாக, கைப்பிடிப் பாகம் தனியாக. மேசையில் உருளும்போது கோலுக்கு அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று மாறாமல் இருக்க வேண்டும். அது திறந்து மூடினால் வளைவு. தனித்தனியாக நேராக இருந்து, பூட்டினால் ஆடுகிறது என்றால் ஜாயின்ட்டின் முகம் சரியாக இல்லை, அதைச் சரி செய்ய முடியும். ஷாஃப்ட் மட்டும் வளைந்திருந்தால் வேறு ஷாஃப்ட் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடிப் பாகமே வளைந்திருந்தால் அதை எங்கே கொடுத்தும் பயன் இல்லை, என் பட்டறையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘சுவரில் மாட்டத்தான் வாங்குகிறேன்’ என்பவர்கள் மட்டும் அதை எடுக்கலாம். மூன்றையும் ஒரு சிறு வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல க்யூ வைத்திருப்பவருக்கு அதில் கஷ்டம் இருக்காது. ‘நேரமில்லை’ என்று பதில் வந்தால் உங்களுக்கும் நேரமில்லை என்று விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஷாஃப்ட்டின் முனை விட்டம். புதிதில் பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் இருக்கும். வழுக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுப் போட்டே அதைத் தேய்த்திருப்பார்கள். 12.75 ஒன்றும் குறையல்ல. 12.3 என்றால் பலர் கை பட்டுத் தேய்ந்த கோல். எழுத்தில் சொன்னால் போதாது, விட்டம் அளக்கும் காலிப்பரை முனையில் வைத்த படம் வேண்டும். பெருலில் மயிரிழை விரிசல் இருந்தால் அதுவும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

கூர்முனைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தை ஆப்பு போலச் செருகி ஒட்டியிருந்தால் முனை ஊசியாக முடியும். ரூட்டர் இயந்திரம் குடைந்து பதித்திருந்தால், கையால் செதுக்கித் தீட்டாத வரை, முனை லேசாக மழுங்கியிருக்கும். இரண்டுமே குற்றமில்லை, விலைதான் வேறு. மூன்றாவது வகை ஒன்று உண்டு: அச்சிட்ட படத்தைச் சுற்றி ஒட்டி மேலே வார்னிஷ் ஊற்றியது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்கும் ‘கஸ்டம்’ என்றுதான் தலைப்பு வைப்பார்கள்.

கடைசியாக ஜாயின்ட் மரை. 5/16-18 என்றால் (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 புரி) பொதுத்தர மரை, அதை வெட்டும் டேப் எந்தக் கருவிக் கடையிலும் கிடைக்கும். 5/16-14, 3/8-10, ரேடியல், யூனிலாக் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியோ தனி உறுப்போ வேண்டும். ஷாஃப்ட் உடைந்தால் உடனே மாற்ற முடியாது. அப்படிப்பட்ட க்யூ என்றால் இரண்டு ஷாஃப்ட் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் 640 பயப்படுகிற விலை இல்லை. செய்தவர் பெயர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பெயர் இல்லாத கஸ்டம் க்யூவுக்கு நான் அவ்வளவு கொடுக்க மாட்டேன்.

கே: பலபுஷ்கா க்யூ ஒன்று 900 டாலருக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– ஆர். எஸ்., சூரமங்கலம்

வேண்டாம். ஜார்ஜ் பலபுஷ்கா 1912-ல் ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1959-ல் க்யூ செய்யத் தொடங்கி 1975-ல் இறந்தார். அவர் கை பட்ட கோல்கள் குறைவு, சேகரிப்பவர்கள் அதிகம். கூர்முனை வைத்த மூலக்கட்டையைப் பல நேரம் அவர் வெளியிலிருந்தே வாங்கினார். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கட்டைகள், பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோரின் கட்டைகள். அதே வகைக் கட்டை வைத்திருந்த வேறு ஒருவர் அதே உருவத்தைக் கொண்டுவந்துவிட முடியும் என்பதால்தான் போலி மலிந்திருக்கிறது. உண்மையானது இந்த விலைக்கு ஏலத்தில் வந்து, உலகத்தில் வேறு யார் கண்ணிலும் படாமல், சூரமங்கலத்துக்காகக் காத்திருக்காது.

கே: கடைசி விநாடியில் யாரோ ஒருவர் என்னைத் தாண்டிவிடுகிறார். பல முறை தோற்றுவிட்டேன். ஏதாவது தந்திரம் உண்டா?
– பி. ஜே., ஓமலூர்

கடைசி விநாடியில் வந்தவர் உங்களைவிட வேகமாக விரலை அழுத்தியதால் ஜெயிக்கவில்லை. உங்கள் உச்ச விலையைவிட அவருடைய உச்ச விலை அதிகம். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் கொடுப்பது உச்ச வரம்பு. அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே உண்மையிலேயே எவ்வளவு வரை கொடுப்பீர்களோ, அதை ஒரே முறை, முடியும் தறுவாயில் போடுங்கள். முன்கூட்டிப் போட்டுப் பத்துப் பத்து டாலராக ஏற்றுபவர்கள் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள். தாங்களும் சூடாகிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

வரம்பை எப்படி முடிவு செய்வது? விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது அவர்களுடைய ஆசை. முடிந்துபோன ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள்: அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கட்டணம், அட்டையில் வங்கி எடுக்கும் பங்கு. சுங்கம் க்யூவின் விலைக்கு மட்டும் கணக்கிடுவதில்லை; அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான். ஜிஎஸ்டி அந்த வரியும் சேர்ந்த தொகை மேல். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகு பாதி ஏலங்களில் உங்களுக்கே ஆசை விட்டுவிடும்.

நேரமும் நமக்குச் சாதகம்தான். அமெரிக்க மேற்குக் கரையில் மாலை ஆறு மணிக்கு முடிகிற ஏலம் நமக்கு மறுநாள் காலை ஆறரை. அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. காபி குடித்துவிட்டுத் தெளிந்த தலையோடு உட்காரலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஏலத்தில் உட்காருபவர்கள் வாங்கிய க்யூக்களைத்தான் நான் அதிகமாகப் பழுது பார்க்கிறேன்.

கே: பழைய க்யூ ஒன்றில் பெருலும் ஜாயின்ட்டும் யானைத் தந்தம். ‘எலும்பு என்று எழுதி அனுப்புகிறேன், கவலை வேண்டாம்’ என்கிறார் விற்பவர். கைப்பிடி மரத்துக்கும் ஏதாவது தடை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஆப்பிரிக்க யானையைச் சர்வதேச வணிகத்துக்குத் தடைப்பட்ட பட்டியலில் சேர்த்தது 1989-ல். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆப்பிரிக்கத் தந்தமும் 1991 திருத்தத்தில் அதற்குள் வந்துவிட்டது. அமெரிக்கா 2016-ல் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. ஈபே 2009 முதல் தந்த விற்பனையை அனுமதிப்பதில்லை. அவர் பொய் எழுதி அனுப்பினால் பார்சலில் இறக்குமதியாளராக இருக்கப்போவது உங்கள் பெயர், உங்கள் ஆதார். தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். எலும்பில் அவை இல்லை. சுங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது தெரியும்.

பெருல் மட்டும் என்றால் அங்கேயே மாற்றிவிட்டு அனுப்பச் சொல்லலாம். ஜாயின்ட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

மரத்தைப் பற்றியும் பயந்து கேட்டிருக்கிறீர்கள். கோகோபோலோ போன்ற தோதகத்தி (ரோஸ்வுட்) இனங்களில் செய்த பொருள்கள் 2017-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தாலும், செய்து முடித்த பொருளுக்கு ஒரு பார்சலுக்குப் பத்து கிலோ வரை 2019-ல் விலக்கு வந்துவிட்டது. க்யூ முழுவதுமே முக்கால் கிலோகூட வராது. பிரேசில் தோதகத்தி மட்டும் வேறு, அது 1992 முதல் தந்தத்தின் வரிசையில் இருக்கிறது.

கே: ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி மிச்சமாகுமா?
– டி. வி., ஆத்தூர்

ஆகாது. வரியில்லா அன்பளிப்பு என்கிற வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும்தான் விட்டுவைத்தார்கள்.

கே: ஏற்காட்டில் வீடு. அமெரிக்காவிலிருந்து வந்த க்யூ சேலத்தில் நண்பர் வீட்டில் நேராக இருந்தது. மழைக்காலத்தில் இங்கே கொண்டுவந்த பிறகு ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கிறது. கைப்பிடியில் பதித்த இடங்கள் விரலுக்குத் தட்டுகின்றன. ஏமாற்றப்பட்டேனா?
– எல். டி., ஏற்காடு

யாரும் ஏமாற்றவில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை; உங்கள் வீடு ஆயிரத்து ஐந்நூறு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கோல் வறண்ட காற்றிலிருந்து மேகத்துக்குள் ஏறியிருக்கிறது. அதற்கு முன் அமெரிக்காவில் சூடேற்றிய அறையில் காய்ந்து கிடந்திருக்கும். மேப்பிள் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அநேகமாக மாறாது, குறுக்கே உப்பும். கருங்காலி ஒரு அளவுக்கு உப்பும், மேப்பிள் வேறு அளவுக்கு உப்பும். இரண்டும் சந்திக்கிற கோடுதான் உங்கள் விரலில் தட்டுகிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கோடையில் மரம் சுருங்கும்போது அங்கே பள்ளம் விழும். ஷாஃப்ட்டைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். படுக்கவைத்தோ நேராகத் தொங்கவிட்டோ வைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கிளப்பில் நான் இருந்தபோது மழை மாதங்களில் க்யூ அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்போம். எல்இடியில் அந்தச் சூடு வராது. ஈரத்தைத் துடைக்காத விரல்களோடு ஆடிவிட்டு அப்படியே உறையில் போடுகிறவர்கள் பாதிக் குற்றவாளிகள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி மலைக்கு வரும் பார்சலை வந்த அன்றே பிரிக்காதீர்கள். ஓரிரு நாள் பெட்டியோடு வீட்டில் கிடக்கட்டும். ஜனவரியில் அங்கிருந்து புறப்பட்ட க்யூ என்றால் இன்னும் நிதானம் வேண்டும்; கடுங்குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்கு வந்தால் வார்னிஷ் வெடிக்கும்.

கே: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஸ்னூக்கர் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். ஏலத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பூல் க்யூ கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், அம்மாபேட்டை

அம்மா, விலையை விடுங்கள். கோலே தவறு. பூல் பந்து 57 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. பூல் க்யூவின் டிப் 13 மில்லிமீட்டர் அகலம். ஸ்னூக்கர் க்யூவில் ஒன்பதரையைச் சுற்றி இருக்கும். பன்னிரண்டு அடி மேசையில் சிறிய பந்தை அந்தத் தடித்த முனையால் நுணுக்கமாக அடிக்க முடியாது. கோலில் ஓடும் வெள்ளிப் பூவேலையைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான், வயசு அப்படி. ஸ்னூக்கர் விதிகளை 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள் என்பார்கள். அந்த வழியில் வந்த நம் ஊர் கிளப்களில் பெரிய மேசைதான் ராஜா. ஆஷ் மரத்தில் செய்த சாதாரண ஸ்னூக்கர் க்யூ ஒன்றை, கடையில் நேரில் உருட்டிப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ஒரு வருடம் ஆடட்டும். அதற்குப் பிறகும் அதே கேள்வியைக் கேட்டால் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கே: கட்டில் கால் கடையும் லேத் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. வெள்ளி வேலைக்கு உங்கள் பேட்டையே இருக்கிறது. ஏலத்துக்குப் போகாமல் சேலத்திலேயே கஸ்டம் க்யூ செய்ய முடியாதா?
– சி. என்., கொண்டலாம்பட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வளையம் முடியும். கொலுசு செய்யும் கைகளுக்கு ஜாயின்ட் வளையம் ஒரு பொருட்டே இல்லை; தொலைந்துபோன வெள்ளி வளையத்துக்கு இங்கே செய்து போட்டது அசலைவிட நன்றாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடிப் பாகமும் முடியும். தோதகத்திக்குத் தமிழ்நாட்டில் 2025 தொடக்கம் வரை தனிப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது; இப்போதும் புது மரத்தைத் தேடாமல் பழைய கட்டில், அலமாரிச் சட்டங்களை ரசீதோடு வாங்குங்கள். பல ஆண்டு காய்ந்த கட்டை என்பதால் வளையவும் வளையாது.

ஷாஃப்ட்தான் சிக்கல். கட்டில் காலைக் கடைவது போல ஒரே மூச்சில் கடைந்தால் ஒரே வாரத்தில் வளைந்துவிடும். முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மறுபடி கொஞ்சம் எடுத்து, மறுபடி தொங்கவிட்டு, இப்படிப் பல சுற்று. நடுவில் வளைகிற கட்டைகளைத் தயங்காமல் கழிக்க வேண்டும். லேத்திலும் மெல்லிய நீளக் கோல் நடுவில் அதிரும். உளி பிடித்துக் கடைவதைவிட, சரிவுச் சட்டத்தின் மேல் ரூட்டரை ஓட்டி எடுப்பதுதான் முறை. மரம் கெட்டி மேப்பிள்தான் வேண்டும், அது நம் மலையில் விளைவதில்லை. ஏற்காட்டு எஸ்டேட் சில்வர் ஓக்கைக் கொண்டுவந்து கேட்பவர்கள் உண்டு. மிளகுக் கொடி ஏற அது நல்ல மரம்.

ஆகவே கைப்பிடியை இங்கே செய்து, தயார் ஷாஃப்ட்டை வரவழைத்துப் பூட்டிக்கொள்வது நடக்கக்கூடிய வழி. செய்ய நினைத்தால் ஷாஃப்ட்டை முதலில் வாங்குங்கள், அதன் மரையைப் பார்த்த பிறகுதான் கைப்பிடியில் அதற்கேற்ற மரை ஆணியை வைக்க முடியும். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் பட்டறை திறந்திருக்கும்.