பதில்: சிம்கோ ஏரிப் பனிக்கட்டி மேல் பிள்ளைகளோடு நடக்கலாமா?

வணக்கம். கனடாவின் சிம்கோ ஏரிப் பக்கம் இரண்டு வாரமாகக் கடுங்குளிர், பனிமேல் காலடித் தடங்களும் தெரிகின்றன, இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தடங்களை நம்பி இறங்காதீர்கள். போனவர் எடை வேறு, போன நாளும் வேறு.

பனிக்கட்டியின் கனத்தை, அதாவது தடிப்பை, அளந்தே ஆக வேண்டும். தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் ஆகர் துளைப்பானால் கரையோரம் ஒரு துளை, பிறகு சில அடிக்கு ஒன்று. தெளிந்த நீலக் கட்டி என்றால் 15 செ.மீ. இருக்கட்டும், 10 போதும் என்பார்கள், பிள்ளைகளோடு அது வேண்டாம். வெண்கட்டிக்குப் பாதி வலுதான், இரு மடங்கு கனம் தேவை. சாம்பல் நிறமா, உள்ளே நீர் ஊறியிருக்கிறது, கால் வைக்கவே கூடாது.

பனி மூடிய இடம் போர்வை போட்டதுபோல. அடியில் கட்டி மெதுவாகத்தான் உறையும். ஆற்று முகத்துவாரம், படகுத்துறைத் தூண்கள் பக்கம் போகவே வேண்டாம்.