எஸ்ஏபி மதிப்புகளை மாற்றியதும் விடை மாறுகிறதா? பிழையா, இல்லையா என்று பிரித்தறிவது எப்படி

கேள்வி: பிரிட்டன் அரசின் வீட்டு எரிசக்திக் கொள்கை மாதிரிக்கு சப்போர்ட் தரும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். எஸ்ஏபி என்பது வீட்டின் எரிசக்தித் தேவையைக் கணக்கிடும் பிரிட்டன் அரசின் முறை. அதன் 2012 பதிப்பின் மதிப்புகளை 10.2 பதிப்புக்கு மாற்றி, பழைய செங்கல் சுவருக்கான யு மதிப்பையும் (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்ற அளவு) 2.1-லிருந்து 1.7 ஆக்கினோம். பழைய சினாரியோவை (எந்த வீட்டுக்கு என்ன வசதி என்று சொல்லும் கொள்கை விதிகளை) ஓட்டினால் ஹீட் பம்ப்பின் கார்பன் மிச்சம் பல மடங்கு கூடியிருக்கிறது, சுவர் இன்சுலேஷனின் மிச்சம் குறைந்திருக்கிறது. மாதிரியைப் பயன்படுத்தும் அரசுத் துறையிலிருந்து ‘பக்’ (நிரல் பிழை) என்று டிக்கெட் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: நிரலில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இரண்டு மாற்றங்களும் எதிர்பார்க்க வேண்டியவைதான். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் ஒரு வீடு. இருப்பது 90 சதவீதத் திறனுள்ள கேஸ் பாய்லர். மாற்றாக வருவது ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப். எஸ்ஏபி 2012-இன்படி யூனிட்டுக்கு மின்சாரம் 0.519 கிலோ, எரிவாயு 0.216 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பாய்லர் 2,400 கிலோ, ஹீட் பம்ப் 2,076 கிலோ. மிச்சம் 324 கிலோதான். 10.2-இல் மின்சாரம் 0.136, எரிவாயு 0.210. பாய்லர் 2,333, ஹீட் பம்ப் 544. மிச்சம் 1,789 கிலோ! நிலக்கரி குறைந்து காற்றாலை பெருகிய மின்கட்டமைப்பு இந்த எண்ணில் தெரிகிறது.

சுவரும் அப்படியே. 60 சதுர மீட்டர் சுவரை யு மதிப்பு 0.3 ஆகும்படி இன்சுலேட் செய்தால் ஒரு டிகிரிக்கு மிச்சமாவது முன்பு 108 வாட், இப்போது 84 வாட். அதே மானியம், பலன் 22 சதவீதம் குறைவு.

ஆனால் இது துறைக்குப் போதாது. மாதிரியும் இதே காரணத்தால்தான் மாறியது என்று காட்ட வேண்டும். பழைய ஓட்டத்தின் மென்பொருள் பதிப்பு, வீட்டுத் தரவுக் கோப்பு, சினாரியோ, ரேண்டம் சீட் (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்) நான்கையும் எடுத்துப் பழைய விடை அச்சு அசலாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வந்தால் உமிழ்வு மதிப்பை மட்டும் மாற்றி ஓட்டுங்கள், அடுத்து யு மதிப்பு, எரிபொருள் விலையும் மாறியிருந்தால் பிறகு அது. ஒவ்வொரு படியின் வித்தியாசத்தையும், மாற்றிய வரிசையையும் குறித்து வையுங்கள். வரிசை மாறினால் பங்கும் மாறும்.

பலர் வழுக்குவது ரேண்டம் சீட்டில். சீட் அதேதான் என்றாலும், சினாரியோவின் தொடக்கத்தில் ஒரு விதி கூடினாலே அதற்குப் பின் எந்த வீடு எந்த வசதியைப் பெறும் என்பது மாறிவிடும். 20 சீட்களிலாவது ஓட்டி, வித்தியாசம் அந்தச் சிதறலைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வீட்டுத் தரவு வரும் இங்கிலீஷ் ஹவுசிங் சர்வே என்ற மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு பதிவு சராசரியாகச் சுமார் 2,000 வீடுகளுக்கு நிற்கிறது. எரிவாயு இணைப்பில்லாத, வாடகைக்கு விட்ட, பழைய செங்கல் வீடு என்று வடிகட்டினால் மிஞ்சுவது சில பதிவுகளே. அதில் ஒன்று தகுதி வரம்பைத் தாண்டினாலும் ஆயிரக்கணக்கான வீடுகள் இடம் மாறும்.

விலையில் இரண்டே சோதனை: 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா, பணவீக்கம் நீக்கிய விலைதானா. எதிர்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் கருவூலத்தின் 3.5 சதவீதத் தள்ளுபடி விகிதம் பணவீக்கம் நீக்கிய விலைக்கு மட்டுமே பொருந்தும்.

நேஷனல் ஹவுஸ்ஹோல்ட் மாடல் போன்ற வீட்டு எரிசக்தி மாதிரிகளில் சினாரியோவே அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு நிரல். ஆகவே அதுவும் கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், மாதிரியின் பதிப்பு எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். எரிசக்தியைக் கவனித்த டெக் (DECC) என்ற அரசுத் துறை 2016-இல் பெய்ஸ் (BEIS) என்ற துறையானது, 2023-இல் அதுவும் பிரிக்கப்பட்டது. அனுமானத்தை முடிவு செய்தவர் இன்று அந்த நாற்காலியில் இருக்கமாட்டார், பதிவேடுதான் பதில் சொல்லும். 2012-இல் வெஸ்ட் கோஸ்ட் ரயில் டெண்டர் கணக்குப் பிழையால் ரத்தான பிறகு வந்த மேக்பர்சன் ஆய்வும் முக்கிய மாதிரி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவர் வேண்டும் என்றது. படிப்படியான அட்டவணையை அவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கி, டிக்கெட்டின் வகையை ‘பக்’ என்பதிலிருந்து ‘அனுமான மாற்றம்’ என்று மாற்றிவிட்டு மூடுங்கள்.