இசைக் கேள்வி – பதில்: சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் சுருதி விலகுவது ஏன்?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு கலைகளைக் கற்கத் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். மூன்று ஆண்டுகளாக வயலின் பயில்கிறேன். ஓவியம் ஓரளவு கைகூடிவிட்டது. வயலினிலும் தனியே வாசிக்கும்போது குறை தெரியவில்லை என்று என் ஆசிரியரே சொல்கிறார். ஆனால் எங்கள் தெருப் பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் ஆர்மோனியம், மிருதங்கம், பாடுபவர்கள் எல்லோருடனும் சேர்ந்து உட்கார்ந்தால், "சார், சுருதி சேரவில்லை" என்கிறார்கள். எனக்கோ சேர்ந்திருப்பதாகவே கேட்கிறது. 63 வயதில் இனிமேல் காது திருந்துமா, அல்லது ஓவியத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லதா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: நிறுத்திவிடாதீர்கள். தனியே வாசிக்கையில் சுருதி நிற்கிறது என்றால் உங்களுக்குக் காது இருக்கிறது, விரலுக்கும் இடம் தெரிந்திருக்கிறது. உங்கள் காதுக்கு இதுவரை உங்கள் வயலினை மட்டும் கேட்டே பழக்கம். பக்கத்தில் ஒலிப்பதையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. அது எந்த வயதிலும் வரும். அறுபதைக் கடந்து என்னிடம் வந்தவர்களுக்கு வந்திருக்கிறது.

உங்கள் ஓவியத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். பலகையில் துணி ஒட்டி, மக்கு (சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த பசை) வைத்து, அது காயும்வரை பொறுத்திருந்து, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டி, அதன் பிறகுதான் வண்ணத்துக்கு வருகிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்க்க முடிகிறது; கண்ணனின் புருவம் தடித்துவிட்டால் மறுநாள் காலை வெளிச்சத்தில் திருத்திக்கொள்ளலாம். வயலினையும் வீட்டில் இதே முறையில்தான் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காந்தாரம் ('க' என்னும் சுரம்) சற்றுக் குறைந்தால் நிறுத்துவீர்கள், விரலை நகர்த்துவீர்கள், மறுபடி தொடங்குவீர்கள். பஜனையில் நாமாவளி ஓடிக்கொண்டே இருக்கும். வில் ஓடும்போதே கேட்டு, ஓடும்போதே திருத்தியாக வேண்டும். ஓவியத்தில் இரண்டடி பின்னால் போவதுபோல இசையில் செய்ய வேண்டுமானால், நம் ஒலியைக் குறைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

வரும் சனிக்கிழமையன்று இதை மட்டும் செய்து பாருங்கள். ஆர்மோனியம் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு உங்கள் வில்லின் அழுத்தத்தைக் குறையுங்கள். உங்கள் வயலின் இடது பக்கத்தில், காதுக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே மற்றவர்களுக்குச் சன்னமாகக் கேட்கும்போதுகூட உங்களுக்கு அது பெரிதாகவே ஒலிக்கும். அந்த ஒலி பக்கத்திலுள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால்தான் "சேர்ந்திருக்கிறது" என்று தோன்றுகிறது. சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ உங்கள் வலது காதுப் பக்கம் வருமாறு இடம் மாறி உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். இதை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. இடம் மாற்றி உட்கார வைத்த பிறகுதான் நம்புகிறார்கள்.

இன்னொன்று, எப்போது சுருதி கூட்டுகிறீர்கள் என்பது. வீட்டில் ஒரு கட்டை என்னும் சுருதி அளவில் வைத்துப் பயிலும் வயலினை, மடத்தில் பாடுபவருக்காக இரண்டு கட்டைக்கோ இரண்டரைக் கட்டைக்கோ ஏற்றினால், புதிதாக இழுபட்ட தந்திகள் சிறிது நேரத்தில் தளர்ந்து இறங்கும். தொடங்கும்போது சரியாக இருந்தது மூன்றாவது பாட்டில் விலகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே கால் மணி நேரம் முன்னதாகப் போய்த் தந்திகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல அழுத்தி இழுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்பும்போது எப்போதும் சுருதிக்குக் கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி வாசிக்கும்போது இன்னும் இறங்கும்.

ஆர்மோனியத்தைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில் உங்கள்மீது தவறில்லாமலும் இருக்கலாம். தம்புராவை மீட்டிக் கேட்டால், ஷட்ஜத் ('ஸ') தந்தியின் ஒலிக்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் (காந்தாரத்தின் உயர்ந்த வகை) தானாகப் பிறந்து காதில் விழும். தம்புரா வைத்துப் பயின்ற விரல் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயி ('ஸ' முதல் மேல் 'ஸ' வரை) பன்னிரண்டு சம பங்குகளாகப் பகுக்கப்பட்டிருப்பதால், அதன் காந்தாரம், ஓர் அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் சுமார் 14 பங்கு மேலே நிற்கும். மோகன ராகத்திலோ கல்யாணியிலோ காந்தாரத்தில் நின்று நீட்டும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எது சரி என்று மடத்தில் வாதிடுவதில் பயனில்லை. ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் கட்டை நகராது, உங்கள் விரல் நகரும்; எனவே அங்கே ஆர்மோனியத்தின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தம்புராவின் காந்தாரத்துக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டையும் பிரித்தறியும் காது கிடைப்பதே பெரிய கல்வி.

பயிற்சி ஒன்று சொல்கிறேன்; இதற்கு உடன் வாசிக்க இன்னொருவர் வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். அவர் பஞ்சமத்தை ('ப') நீண்ட வில்லில் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் அதே பஞ்சமத்தைச் சற்றுக் கீழே தொடங்கி மெல்ல விரலை ஏற்றுங்கள். இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது, ஒலி பெருகிப் பெருகித் தணிவதுபோல ஓர் அலை கேட்கும். ஒன்று வினாடிக்கு 440 அதிர்வும் மற்றொன்று 442 அதிர்வும் உடையதாக இருந்தால், அந்த அலை வினாடிக்கு இரண்டு முறை அடிக்கும். நெருங்க நெருங்க அலை நிதானமாகும். சேர்ந்த கணத்தில் நின்றுவிடும். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி இதைச் செய்தபோது, அலை நின்றதும் வில்லை எடுத்துவிட்டு, "என் வயலின் எங்கே போயிற்று?" என்று கேட்டாள். அவளுடைய ஒலி தனியாகக் கேட்கவில்லை, மற்ற வயலினுக்குள் கரைந்துவிட்டது. அதைத்தான் நான் அவளுக்கு ஆறு மாதமாக வாயால் விளக்க முயன்றுகொண்டிருந்தேன். நீங்களும் நாள்தோறும் பத்து நிமிடம் இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஆள் கிடைக்காத நாளில் சுருதிப் பெட்டியின் ஷட்ஜத்தோடு செய்யுங்கள். உருப்படிகள் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது, புல்லாங்குழல் கற்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா வீணை வாசிப்பார். கோயில் விழாவுக்காக இருவரும் சேர்ந்து பயில்கிறார்கள். கைபேசியில் உள்ள சுருதிச் செயலியில் பார்த்தால் தொடக்கத்தில் இருவருக்கும் சரியாகக் காட்டுகிறது. அரை மணி நேரத்தில் கேட்கச் சகிக்கவில்லை. யார்மீது தவறு?
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: இருவர்மீதும் தவறில்லை அம்மா. குழலுக்குள் இருக்கும் காற்று, ஊதுபவரின் மூச்சாலும் அறையின் வெப்பத்தாலும் சூடாக ஆகச் சுருதி ஏறும். வீணையின் உலோகத் தந்தி சூட்டில் சற்று நீண்டு தளர்வதால் அதன் சுருதி இறங்கும். ஒன்று மேலே போக மற்றொன்று கீழே வந்தால் நடுவில் விரிசல் விழத்தானே செய்யும். மார்கழி விடியற்காலையில் கூட்டிய சுருதி வெயில் ஏறிய பிறகு நிற்காது. வீணையின் மெட்டுகள் (தந்திக்குக் கீழுள்ள உலோகப் பட்டைகள்) மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை என்பதால், சன்னல் வெயில் படும் இடத்தில் அதை வைக்கவும் கூடாது என்று அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

இதில் யார் யாருக்குப் பணிந்து போவது என்று கேட்டால், குழலில் துளைகள் போட்டது போட்டதுதான். வாயை உள்பக்கம் சாய்த்தால் சற்று இறக்கலாம், வெளிப்பக்கம் திருப்பினால் சற்று ஏற்றலாம், அதற்கு மேல் அதனால் முடியாது. வீணைக்குப் பிருடை இருக்கிறது. எனவே குழல் முதலில் ஐந்து நிமிடம் ஊதிச் சூடாகட்டும். அதன் பிறகு குழலைக் கேட்டு வீணை சுருதி சேரட்டும். காவிரி கடலில் கலக்கும் புகாரைப் பாடிய சிலப்பதிகாரத்தில், மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் இடத்தில் "குழல்வழி நின்றது யாழே" என்று வருகிறது; குழலின் வழியில் யாழ் நிற்க, யாழின் வழியில் தண்ணுமை நிற்க, அதன் பின் முழவு நின்றது என்று வரிசை போகிறது. மாற்ற முடியாத கருவியின் பின்னால் மாற்றக்கூடிய கருவி நிற்கும் முறையாகவே நான் அதைப் படிக்கிறேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அதே வரிசைதான் பொருந்தும்.

செயலியைத் தொடக்கத்தில் ஒரு முறை பாருங்கள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊதும் பிள்ளைக்கு வீணை கேட்காது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இருவரும் ஷட்ஜத்தில் சிறிது நேரம் நின்று பார்த்து, வேண்டுமானால் வீணையைத் திருத்திக்கொண்டு, அடுத்த பாட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் என் தம்பியும் நாகசுரம் பயில்கிறோம். இருவருடைய கருவிகளும் ஒரே ஆசாரியார் செய்தவை, ஒரே அளவு. ஆனாலும் இரட்டை நாயனமாக (இரண்டு நாகசுரம் சேர்ந்து) வாசிக்கும்போது ஒத்துப் போவதில்லை.
— ஒரு மாணவர், கும்பகோணம் வட்டாரம்

பதில்: மரத்தைவிட, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியைப் பாருங்கள் தம்பி. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் ஒரே அளவாகக் கடைந்த இரண்டு நாயனங்கள்கூட, சீவாளி வேறுபட்டால் வேறு வேறாகத்தான் பேசும். நாணல் இளசா முற்றலா, எவ்வளவு நனைந்திருக்கிறது, உதடு எவ்வளவு இறுக்குகிறது என்பதெல்லாம் சுருதியை மாற்றும். அண்மையில் ஒரு திருமணத்தில் பார்த்தேன்: மேளம் தொடங்குமுன் மூத்த வித்துவான் சுருதிப் பெட்டியைத் தம் முழங்காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தி ஷட்ஜத்தை ஊதினார். மூன்றாவதைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த இளையவரிடம் நீட்டினார், நான்காவதைத் தமக்கு வைத்துக்கொண்டார். அதன் பிறகு இருவரும் ஊதியது ஒரே நாயனமாகக் கேட்டது. இரட்டை நாகசுரம் வாசித்த திருவீழிமிழலை சகோதரர்களின் பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். சேர்ந்து ஊதுவது என்றால் என்ன என்பது விளங்கும். சீவாளிகளை இனிமேல் ஜோடி ஜோடியாகத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பாட ஆசை. ஐந்தும் பாடம். அவ்வளவு பேர் நடுவில் சுருதியும் தாளமும் பிடிபடுமா?
— ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: பிடிபடும். உங்கள் குரல் உங்களுக்கே தனியாகக் கேட்காத அளவில் பாடுங்கள். கேட்டுவிட்டால் சத்தம் கூடுதல் என்று பொருள். தாளத்துக்குக் காதைவிடக் கண்ணை நம்புங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும் என்பதால், 35 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முன்வரிசையின் குரல் பத்தில் ஒரு வினாடி தாமதமாக வந்து சேரும். ஆகவே முன்னால் தாளம் போடுபவர் கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. 48 குரல் ஒன்றாக நின்று பாடிய ஊரின் பக்கத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள், தயங்காமல் போங்கள்.

கேள்வி: மயிலாடுதுறை வாசகர் மேலும் ஒன்று கேட்டிருக்கிறார்: மக்கு காய்வதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் வயலின் பயிலலாமா?

பதில்: தாராளமாகப் பயிலலாம், அந்த நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கைகளை நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனெனில் விரல் நுனியில் மிச்சமிருக்கும் கோந்து தந்தியில் பிடித்துக்கொண்டால் விரல் வழுக்கிப் போகாது, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) தடைபடும். பலகை இருக்கும் அறையில் மட்டும் வாசிக்காதீர்கள். வில்லிலிருந்து உதிரும் ரோசனத் தூள் ஈர மக்கின்மேலும் புதிதாக ஒட்டிய ரேக்கின்மேலும் படியும், பிறகு துடைத்தெடுப்பது கடினம்.