எஸ்டிமேட்டுக்கு 500 ரூபாயா?

கேள்வி: போன வாரம் ரெட்டிச்சாவடி பக்கம் மாடு குறுக்கே வந்து, பிரேக் அடித்து விழுந்துவிட்டேன். எனக்கு முட்டியில் சிராய்ப்புதான். பைக்குக்கு முன்பக்கம் போய்விட்டது. வாங்கி இரண்டரை வருஷம், 5 வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். 18,600 ரூபாய் ஆகும் என்றார்கள். வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், எஸ்டிமேட் போட்டதற்கு 500 ரூபாய் கட்டினால்தான் வண்டியைத் தருவோம் என்கிறார்கள். இது நியாயமா ஐயா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, ரோட்டு மண் பட்ட காயம். டிடி ஊசி போடவில்லை என்றால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

500 ரூபாய் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு 5 வருஷம் கட்டாயம் என்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான். அதாவது, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு. உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பல பாலிசிகளில் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். அந்தத் தேதி தாண்டியிருந்தால் மாட்டுக்காக விழுந்ததற்கு கம்பெனி ஒரு பைசா தராது. அப்புறம் அச்சடித்த எஸ்டிமேட் எதற்கு? தெரிந்த மெக்கானிக் வாயால் சொல்வதே போதும்.

ஓன் டேமேஜ் இருந்தால், வண்டியைக் கழற்றும் முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 18,600-ம் கைக்கு வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான். இரும்புப் பாகத்துக்கு உங்கள் வண்டி வயசில் 15 சதவீதம் கழிப்பார்கள். ஜீரோ டெப் என்று தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை.

இப்போது 500 ரூபாய். நெல்லித்தோப்பில் 22 வருஷம் பட்டறை நடத்தியவன் நான். விழுந்த வண்டிக்கு எஸ்டிமேட் போடுவது சும்மா பார்த்து எழுதுகிற வேலை இல்லை. ஒரு கல்லூரிப் பையனின் வண்டி வந்தது. வெளியே ஹெட்லைட்டும் மட்கார்டும்தான் உடைந்திருந்தன. சந்தேகப்பட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ராடைக் கழற்றி, கண்ணாடிப் பலகை மேல் உருட்டினேன். அரைச் சுற்று சுற்றியதும் நடுவில் எழும்பி நின்றது. அடியில் தபால் அட்டை ஒன்று நுழையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவோடுதான் பையன் இரண்டு நாள் காலாப்பட்டு வரை ஓட்டியிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. அந்த உழைப்புக்குக் கூலி கேட்டால் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் 200 ரூபாய் வாங்குவேன். சாவியை வாங்கும்போதே சொல்லிவிடுவேன். வேலை எனக்கே வந்தால் பில்லில் கழித்துவிடுவேன். உங்களிடம் முன்கூட்டியே சொல்லாமல், போகிறேன் என்றதும் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் பாருங்கள், அது அநியாயம். எனக்குக் கோபமே வருகிறது. வண்டி விட்டபோது கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டை நிதானமாகப் படியுங்கள். எஸ்டிமேட் கட்டணம் அதில் அச்சாகி இருந்தால் கட்டத்தான் வேண்டியிருக்கும். இல்லையென்றால் எதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். எப்படியானாலும் பணம் கொடுத்தால் ரசீதும், பாகம் வாரியாக விலை எழுதிய எஸ்டிமேட்டும் கையில் வாங்காமல் நகராதீர்கள். ரசீது தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். இழுத்தடித்தால் அங்கே நின்றபடியே 1915-க்குப் போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அப்புறம் வேறு பட்டறைக்குப் போகிறபோது ஒன்று. ஃபோர்க்கை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன், ஆயிரத்தில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதுசு போடச் சொல்லுங்கள், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டையும் சேர்த்து.