அக்கா முன்னாடி நடக்கட்டும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

எனக்கும் அக்காவுக்கும் ஏழு வயசு வித்தியாசம். சின்ன வயசுல என் கையப் புடிச்சு ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போனதே அவதான். இப்ப ஆளுக்கொரு ஊர்ல இருக்கோம். எப்பவாவது ஒரு போன், அதுவும் அப்பாவோட மருந்து, பசங்க படிப்புன்னு முடிஞ்சிரும். போன வாரம் திடீர்னு, இந்த இலையுதிர் காலத்துல ஒரு வீக்கெண்ட் நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது நடந்துட்டு வரலாமாடான்னு கேட்டா. நான் ரெகுலரா ஹைக்கிங் போறவன். அவளுக்கு ஐம்பது தாண்டியாச்சு, முழங்கால் வலி வேற. நல்ல வியூ பாயிண்ட் இருக்குற பெரிய ட்ரெயிலா பாத்து ரெண்டு நாளுக்கும் லிஸ்ட் போட்டேன், இப்ப பயமா இருக்கு. அவ்வளவு நேரம் என்ன பேசறதுன்னும் தெரியல. ரெண்டு வீட்டுப் பசங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா சமாளிச்சிரலாமோன்னு தோணுது. என்ன சொல்றீங்க?

அன்புள்ள தம்பிக்கு,

கண்டிப்பா போங்க. பசங்க விஷயத்துக்கு கடைசில வரேன். உங்க கடிதத்துல எனக்கு மனசுல நின்னது "நாம ரெண்டு பேர் மட்டும்"ங்கறதுதான். குடும்பத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்குற ஒரு அம்மா தனக்குன்னு ரெண்டு நாள் வாய் திறந்து கேக்கறாங்கன்னா ரொம்ப நாளா மனசுல வச்சிருந்துதான் கேட்டிருப்பாங்க.

மொதல்ல அந்த லிஸ்ட்ட தூக்கிப் போடுங்க, அது உங்க காலுக்குப் போட்ட ப்ளான். ரெண்டு பேர் சேர்ந்து நடந்தா மெதுவா நடக்குறவங்க வேகம்தான் வேகம். மலைப் பாதைல நான் அடிக்கடி பாக்குற ஒரு கொடுமை சொல்றேன், வேகமா போறவர் முன்னாடி போய் ஒரு பாறைல உக்காந்து தண்ணி குடிச்சு நல்லா ரெஸ்ட் எடுத்திருப்பாரு, பின்னாடி வர்றவங்க மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து "போலாமா"ம்பாரு. ரெஸ்ட் தேவைப்பட்ட ஆளுக்கு ரெஸ்ட்டே கிடைக்காது, நாள் பூரா இப்படியே போகும், சாயங்காலம் ரெண்டு பேரும் உர்ருன்னு இருப்பாங்க. அதனால அக்கா முன்னாடி நடக்கட்டும், நீங்க பின்னாடி. அவங்க நின்னா நீங்களும் நில்லுங்க. அவங்க முழுசா ஒரு விஷயத்த கோர்வையா சொல்லிட்டே நடக்க முடிஞ்சா வேகம் சரி, "ம்", "ஆமா"ன்னு ஒத்த வார்த்தைல பதில் வந்தா வேகம் ஜாஸ்தி. ஏறும்போது இத மட்டும் கவனிச்சா போதும்.

எவ்வளவு தூரம்னு கேட்டீங்கன்னா, 1892ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னாரு, அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம்னா மூணு மணி நேரம் ஆச்சா, ஆனா அது பழக்கப்பட்ட ஆள் நிக்காம நடக்குற கணக்கு. அக்காவுக்கு அதுல பாதிய சேர்த்துப் போடுங்க, அப்புறம் சாப்பாடு, போட்டோ, சும்மா உக்கார்றது எல்லாம் சேர்த்தா ஆறு மணி நேரத்த தொட்டுரும். ஆறு மணி நேரம் இந்த சீசன்ல சின்ன விஷயம் இல்ல, ஏன்னா பகல் தினமும் ரெண்டு மூணு நிமிஷம் சுருங்கிட்டே வருது, மரத்துக்கு கீழ இருட்டு இன்னும் சீக்கிரம் வந்துரும். ஐரோப்பால அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கால நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அந்தப் பக்கம் இருக்கீங்கன்னா அந்த வீக்கெண்ட்ட பாத்து போடுங்க, சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்த இருட்டு ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கே வந்துரும். எத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிரணும்னு காலைலயே பேசி வச்சுக்கங்க, ஆளுக்கொரு ஹெட்லேம்ப்பும் (நெத்தில மாட்டிக்கிற விளக்கு) எடுத்துக்கங்க. போன் டார்ச்ச நம்பாதீங்க, குளிர்ல பேட்டரி கடகடன்னு இறங்கும்.

முழங்கால் விஷயத்துல எல்லாரும் ஏத்தத்துக்குப் பயப்படுவாங்க, வலி கொடுக்கறது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்ப தாங்கணும், அந்த வேலைக்குப் பழக்கமில்லாத காலுக்கு மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோதான் உச்சகட்ட வலி வரும். அதனால சனிக்கிழமை கொஞ்சம் ஏத்தம் இருக்குற பாதை, ஞாயித்துக்கிழமை ஏரியையோ ஆத்தையோ ஒட்டின சமதளப் பாதை. மலைல ஊன்றி நடக்குற ட்ரெக்கிங் கம்பு ரெண்டு வாங்கிக் குடுத்துருங்க, இறங்கும்போது முழங்கால்ல விழுற பாரம் குறையும். காட்டன் டிரஸ் வேண்டாம், வேர்வைல நனைஞ்சா காயாது, நின்ன உடனே உடம்பு சில்லுன்னு ஆயிரும், ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும்னு ஞாபகம் இருக்கட்டும். அந்த ஏரியால வேட்டை சீசன் நடக்குதான்னு கேட்டுக்கங்க, நடந்தா பளிச்சுனு ஆரஞ்சு கலர்ல ஏதாவது போட்டுக்கணும்.

இன்னொன்னு, உதிர்ந்த இலை அழகா இருக்கும், ஆனா அதுக்குக் கீழ வேரு, கல்லு, குழி எதுவும் தெரியாது, ஈரமா இருந்தா வழுக்கும். சில இடத்துல பாதையே தெரியாம காடு பூரா ஒரே மாதிரி இலை மெத்தையா கிடக்கும், அப்போ தரையப் பாக்காம மரத்துல அடிச்சிருக்குற பெயிண்ட் குறிய தேடணும். அந்தக் குறி தேடுற வேலைய அக்காகிட்ட விட்டுருங்க. முன்னாடி நடக்குறவங்களுக்கு அது ஒரு பொறுப்பு, ரொம்ப ரசிச்சு செய்வாங்க, என் தங்கச்சி அப்படித்தான் செய்வா, ஒவ்வொரு குறியயும் கண்டுபிடிச்சதும் கையத் தூக்கிக் காட்டுவா.

வியூ பாயிண்ட் ஒன்னு ரெண்டு போதும். இந்த சீசனோட அழகு கையெட்டுற தூரத்துலதான் நிறைய இருக்கு. இலைக்குப் பச்சை நிறம் தர்ற குளோரோபில் சிதைஞ்சு போனதும் இலைக்குள்ள ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளில வருது, ஆனா மேப்பிள் மாதிரி மரத்துல வர்ற சிவப்பு அப்படி இல்ல, மரம் அந்தக் கடைசி வாரங்கள்ல புதுசா தயாரிக்கிற நிறம் அது. பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்குக் குளிர், இப்படி நாலஞ்சு நாள் அமைஞ்சா சிவப்பு தூக்கலா இருக்கும், அத வச்சு எந்த வீக்கெண்ட்னு முடிவு பண்ணலாம். ஒரு கிளைய பக்கத்துல இழுத்து இலைக்காம்பு உதிர்ந்த இடத்த பாருங்க. சின்னதா ஒரு தழும்பு ஆறிப்போய் இருக்கும், அதுக்கு சரியா மேல அடுத்த வசந்தத்துக்கான மொட்டு இப்பவே இறுக்கமா மூடி உக்காந்திருக்கும். அக்காகிட்ட காட்டுங்க. அவங்க கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு கிட்ட வந்து பாப்பாங்க பாருங்க, அதுக்கே போலாம்.

இப்ப உங்க உண்மையான கேள்வி, என்ன பேசறது. தம்பி, நடக்கும்போது ரெண்டு பேரும் எதிரெதிரா முகத்தப் பாத்துக்க வேண்டியதில்ல, கண்ணு பாதைல இருக்கும், பேச்சு நின்னா நின்னதாவே இருக்கலாம், சங்கடமே இருக்காது, காலடிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். மேஜைல உக்காந்து கேக்க முடியாதத பின்னாடி நடந்துட்டே கேட்டுரலாம். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி ஏழு வருஷம் அப்பா அம்மாவோட தனியா இருந்தவங்க அவங்க. உங்க அப்பா அம்மா இளசா இருந்தத பாத்த ஆள். நீங்க பொறந்த அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, அம்மா யார்கூட சண்டை போட்டாங்க, அப்பா அப்பல்லாம் எப்படி சிரிப்பாரு, இதுக்கெல்லாம் பதில் அவங்ககிட்டதான் இருக்கும். உங்களுக்கு ஞாபகமே வராத உங்க மொத மூணு நாலு வருஷமும் அவங்ககிட்டதான் இருக்கு. கேளுங்க. கேட்டுட்டு நடுவுல புகுந்து திருத்தாதீங்க, அவங்களுக்கு ஞாபகம் இருக்குற விதத்துலயே சொல்லட்டும்.

அப்பாவ யாரு பாத்துக்கறதுங்கற மாதிரி கனமான பேச்சும் வரலாம், வந்தா தப்பிச்சு ஓடாதீங்க, ஆனா ஏத்தத்துல வேண்டாம். மூச்சு வாங்கும்போது சாதாரண வார்த்தை கூட சுருக்குன்னு விழும். ஞாயித்துக்கிழமை சமதளப் பாதைன்னு சொன்னேன்ல, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பசங்க. கூட்டிட்டுப் போகாதீங்க. பசங்களோட போற நடை தனி சந்தோஷம், அடுத்த வருஷம் எல்லாருமா போங்க, ஆனா பசங்க வந்தா அக்கா மறுபடி தண்ணி பாட்டில் மூடி திறக்குறவங்களா, ஜாக்கெட் மாட்டி விடுறவங்களா ஆயிருவாங்க, ரெண்டு நாளும் அதுலயே போயிரும். அவங்க தம்பியோட நடக்கணும்னு கேட்டிருக்காங்க. இன்னைக்கே போன் பண்ணி தேதி சொல்லிருங்க, ஒரு பெரிய காத்து அடிச்சா அத்தனை இலையும் ஒரே ராத்திரில கீழ வந்துரும்.

அன்புடன்,
அண்ணன்