மறுபடி பார்த்தேன், மனசில் ஒட்டவில்லை

கேள்வி: 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ பார்த்தபோது எனக்கு 15 வயது. பெரியவர் சிவாஜி இறக்கும் இடத்துக்குப் பிறகு, வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. போன மாதம் மகனுக்குக் காட்டலாமென்று வீட்டில் போட்டேன். ஒன்றுமே தோன்றவில்லை. இடையில் மோட்டார் போட வேறு எழுந்து போனேன். அவனும் பாதியில் போனை எடுத்துவிட்டான். அன்று நான்தான் ஏமாந்துபோனேனா?
- ஆனைமலை வாசகர்

பதில்: ஏமாறவில்லைங்க, அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த முப்பது வருஷத்தில் அந்தப் படத்தை நீங்கள் துண்டு துண்டாகப் பார்த்துத் தீர்த்துவிட்டீர்கள்: கல்யாண வீட்டு மைக்செட்டில் பாட்டு, டிவியில் சண்டை, காமெடி சேனலில் வடிவேலு. அவர் நடித்த இசக்கிக்குக் கோயில் பூட்டைத் திறந்த பாவத்துக்குக் கை போகிறது, ஆனால் வடிவேலு முகத்தைக் கண்டதுமே சிரிக்கப் பழகிப்போன நமக்கு அது உறைப்பதில்லை. கதை தென்மாவட்டத்தில் நடந்தாலும் எடுத்தது உங்கள் பக்கத்துச் சிங்காநல்லூரில்தான், அப்புறம் பொள்ளாச்சித் தோப்பும் வாய்க்காலும் எத்தனை படத்தில் வந்துவிட்டன, ‘இது எந்த ஊர்’ என்று வாய் பிளந்த பையன் இனி எங்கிருந்து வருவான்?

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. போன மாதம் நீங்கள் படம் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ‘இதோ வருது பாரு’ என்று ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அவன் பக்கம் திரும்பியிருப்பீர்கள், நடுவில் திரீ பேஸ் கரண்ட் வந்ததும் தோப்புக்குப் போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்த்தால் எந்தப் படம் நிற்கும்? சிவாஜியும் கமலும் எதிரெதிரே பேசும் அந்த இடம் மெல்ல மெல்ல ஏறுவது, அதற்கு முன்னாலிருக்கும் மௌனத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிக்கும்.

ஒரு வருஷம் போகட்டும். பாட்டைக்கூடப் போட்டுக் கேட்காதீர்கள். அப்புறம் ஒரு ராத்திரி மோட்டார் வேலையெல்லாம் முடிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக ஒரே மூச்சில் பாருங்கள், இந்தத் தடவை கமலை விட்டுவிட்டுப் பெரியவரையே கவனியுங்கள். அப்போதும் ஒன்றும் தோன்றாவிட்டால் சரி, விட்டுவிடுங்கள், அந்த 1992 ராத்திரி உங்களுக்குக் கிடைத்தது கிடைத்ததுதான்.

மகனை இழுத்து உட்கார வைக்காதீங்க. சத்தம் கேட்டு அவனாக வந்து உட்கார்ந்தால், பேசாமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.